யாருக்கு மறைத்த இரகசியம்?

நான் பணிபுரியும் கிராமங்களுள் ஒன்று வடமராட்சிக் கரையோரத்தில் இருக்கிறது. மாதத்தின் முதற் சனிக்கிழமை அங்கே பெண்களின் சேமிப்புக் குழுக் கூட்டம் நடைபெறும். கணக்கு முடிந்ததும் தேநீர் குடித்தபடி சிறிது நேரம் கதைத்திருப்போம். அன்று கூட்டம் முடியும் வேளையில் மழை பிடித்துக்கொண்டது. முந்தி எழும்பியவர்கள் போய்விட, நாங்கள் ஐந்து பேர் மிஞ்சினோம். கூட்டம் நடந்த வீட்டுப் பிள்ளை உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருப்பவள். தாய் குவைத்துக்கு வேலைக்குப் போயிருக்க, அம்மம்மாவோடு வளர்பவள். அவள் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "மிஸ், எங்கடை சண்டையைப் பற்றின ஹிந்திப் படம் ஒண்டு இருக்கு. பாப்பமே?" என்று கேட்டாள். மழை விடும்வரைதானே என்று நானும் தலையாட்டிவிட்டேன். அப்படித் தலையாட்டியது சரியா பிழையா என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

'மெட்ராஸ் கபே' என்ற அந்தப் படம் 2013 ஓகஸ்டில் வெளிவந்தது. இயக்கியவர் சூஜித் சர்க்கார். படத்தைத் தயாரித்தவர்களுள் ஒருவரான ஜோன் ஏப்ரஹாம், இந்திய வெளிநாட்டு உளவுத்துறையான 'றோ'வின் பணிக்கு அனுப்பப்படும் இராணுவ அதிகாரி விக்ரம் சிங்காக நடித்தார். வெளிவந்த காலத்தில் தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பு எழுந்ததனால் அங்குள்ள திரையரங்குகளில் அது ஓடவில்லை. விடுதலைப் புலிகளின் பெயரை 'எல்.ரி.எவ்.' என்றும், தலைவரின் பெயரை 'அண்ணா' என்றும் மாற்றியிருந்தார்கள். பெயரை மாற்றினாலும் யார் எவர் என்பது எங்களில் எவருக்கும் விளங்கும்.

கதை இதுதான். இந்தியப் படை இலங்கையை விட்டு வெளியேறும் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இரகசிய வேலை செய்வதற்கு விக்ரம் அனுப்பப்படுகிறான். ஓர் இயக்கத்துக்கு எதிராக இன்னோர் இயக்கத்தின் தலைவரைப் பலப்படுத்துவது அவனுக்கு இடப்பட்ட பணி. ஆயுதங்கள் கைமாறுகின்றன. இரகசியங்கள் கசிகின்றன. சொந்த அலுவலகத்திலேயே ஒருவர் காட்டிக்கொடுக்கிறார். விக்ரமின் மனைவி கொல்லப்படுகிறாள். முடிவில், தேர்தல் கூட்டத்துக்கு வந்த முன்னாள் பிரதமரை ஒரு பெண் தன் உடலில் கட்டிய குண்டால் கொல்கிறாள். 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ரஜீவ் காந்தி கொல்லப்பட்ட நிகழ்வே அது. இவ்வளவையும் விக்ரம் பின்னொரு நாளில், தேவாலயம் ஒன்றில் பாதிரியாரிடம் மனம் விட்டுச் சொல்வதாகப் படம் அமைந்திருக்கிறது.

ஹிந்தி எங்களுக்குத் தெரியாது. கீழே ஓடிய ஆங்கில எழுத்துக்களை வாசித்து நான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணம் என்று காட்டிய இடம் யாழ்ப்பாணமாக இல்லை. இடையிடையே வந்த தமிழும் எங்கள் வாயில் வருகிற தமிழாக இல்லை. அதைச் சொல்லி முதலில் சிரித்துக்கொண்டுதான் பார்த்தோம். பிறகு படை வந்தது. சப்பாத்து, தலைக்கவசம், துவக்கு. எங்களோடு இருந்த அக்கா ஒருவர், 1987இல் பதினைந்து வயதாக இருந்தவர், எதுவும் பேசாமல் எழுந்து குசினிக்குப் போனார். கழுவி வைத்த கோப்பைகளை எடுத்துத் திரும்பவும் கழுவினார். நான் பின்னால் போய் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது, அதிகாரிகள் ஓர் அறையில் இருந்து எந்த இயக்கத்துக்குக் கை கொடுப்பது, எதை ஒழிப்பது என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுப் பிள்ளை என் பக்கம் திரும்பி, "மிஸ், இந்தியாவே எங்கடை பெடியளுக்குத் துவக்கும் குடுத்து ரெயினிங்கும் குடுத்தது? இதை மறைச்சு வைச்சவையே?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்கு முன்னர், மூலையில் பாயில் இருந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அவளுடைய அம்மம்மா, நாங்கள் எல்லோரும் ஆச்சி என்று அழைப்பவர், உரலில் இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"ஆருக்கு மறைச்சவை பிள்ளை? எனக்குத் தெரியுமே. இந்த முத்தத்தாலைதானே போனவன்."

"ஆர் அம்மம்மா போனது?"

"உன்ரை பெரிய மாமன்."

தனக்கு மாமன் ஒருவன் இருந்தான் என்பது அந்தப் பிள்ளைக்கு அன்றுதான் தெரியும். நான் படத்தை நிறுத்தினேன்.

ஆச்சி சொன்னதைச் சொல்வதற்கு முன்னர், நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். எங்கள் இளம் பிள்ளைகள் பலருக்கு இந்த வரலாறு துண்டு துண்டாகவே தெரியும். 1983 யூலைக் கலவரத்துக்குப் பின்னர் ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்கள் கடல் கடந்து தமிழ்நாட்டுக்குப் போனார்கள். அவர்களுள் பல இயக்கங்களைச் சேர்ந்தவர்களுக்கு 'றோ'வின் ஏற்பாட்டில் இராணுவப் பயிற்சி வழங்கப்பட்டது. வட இந்திய மலைப்பகுதியான சக்ராத்தாவும் பயிற்சி நடந்த இடங்களுள் ஒன்று. 1984 மார்ச்சில் 'இந்தியா டுடே' சஞ்சிகை தமிழ்நாட்டுப் பயிற்சி முகாம்கள் பற்றி எழுதியது. இந்திய அரசு அப்படி எதுவும் இல்லை என்றே சொல்லி வந்தது. அதே இந்தியா, உயிர் தப்பி ஓடிய எங்கள் சனத்துக்கு அகதியாக இருக்க இடமும் கொடுத்தது. இரண்டையும் நாம் மறக்கக் கூடாது.

1987 யூன் 4இல் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொதிகளைப் போட்டன. யூலை 29இல் இலங்கை இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானது. அமைதி காக்கவென்று படை வந்து இறங்கியது. மாலை போட்டு வரவேற்றோம் என்று என் அம்மா சொல்வார். ஒக்டோபரில் அந்தப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது. பிறந்து சில மாதங்களே ஆன என்னைத் துணியில் சுற்றிக்கொண்டு அம்மா நல்லூர்க் கோயிலுக்கு ஓடியிருக்கிறார். ஆயிரக்கணக்கானோர் அங்கே தஞ்சமடைந்திருந்தார்கள். அந்த மாதம் 21ஆம் திகதி, தீபாவளி நாளில், யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் புகுந்த இந்தியப் படையினர் சுட்டதில் நோயாளர், வைத்தியர், தாதியர் என்று அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

1989இல் இந்தியப் படையின் ஆதரவோடு நின்ற இயக்கங்கள், 'தமிழ்த் தேசிய இராணுவம்' அமைப்பதற்காக வீதியில் போன பையன்களைப் பிடித்துச் சென்றன. எங்கள் சனம் அதைப் 'பிள்ளை பிடி காலம்' என்கிறது. அதே வேளையில் கொழும்பில் இருந்த பிரேமதாச அரசு, இந்தியப் படையையும் அந்தப் புதிய படையையும் எதிர்ப்பதற்காகப் புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தது. ஒரு நாடு ஒரு கையில் துவக்கைக் கொடுக்க, இன்னோர் அரசு மற்றக் கையில் துவக்கைக் கொடுத்தது. இரண்டு கையும் எங்கள் பிள்ளைகளுடையவை. 1990 மார்ச் 24இல் கடைசி இந்தியப் படையணியும் திருகோணமலையில் இருந்து கப்பலேறிப் போனது.

இதற்குள்ளேதான் ஆச்சியின் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

மூத்தவன் 1984இல், பத்தொன்பது வயதில், ஓர் இரவு தோணியேறிப் போனான். சில மாதங்களின் பின்னர் கை மாறிக் கை மாறி ஒரு துண்டுக் கடிதம் வந்தது. சுகமாக இருக்கிறேன், யோசிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தான். எங்கே இருக்கிறான் என்று எழுதவில்லை. ஆனால், "இங்கை குளிர்தான் தாங்கேலாது" என்று ஒரு வரி எழுதியிருந்தான். "மெட்ராஸிலை என்ன பிள்ளை குளிர்?" என்று ஆச்சி என்னைக் கேட்டார். "அந்த ஒரு வரியிலை எனக்கு விளங்கிப் போச்சு. இவங்களை எங்கையோ வடக்கை, மலைப்பக்கம் கொண்டுபோய் வைச்சிருக்கிறாங்கள் எண்டு. அரசாங்கம் சொல்லாமல் ஆர் அங்கை கொண்டுபோறது?"

ஓர் அரசு உலகத்துக்கு மறுத்துக்கொண்டிருந்த விடயத்தை, பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒரு தாய், மகனின் ஒரு வரியில் இருந்து கண்டுபிடித்துவிட்டார். அதை அறிய அவருக்கு உளவுத்துறை தேவைப்படவில்லை. மகனுக்குக் குளிருமே என்ற கவலை போதுமாக இருந்தது.

அவன் 1985இல் திரும்பி வந்தான். 1986இல் இயக்கங்களுக்கிடையே மோதல் வந்தபோது மற்ற இயக்கத்துப் பையன்கள் அவனைக் கொன்றார்கள். "கொண்டவங்களும் எங்கடை பெடியள்தான்" என்று ஆச்சி சொன்னார். சத்தம் போட்டு அழவும் பயம். செத்த வீடு செய்யவில்லை. ஊரில் எவரும் வந்து கேட்கவில்லை. இளையவன் 1989இல், பதினாறு வயதில், ரியூசனுக்குச் சைக்கிளில் போனவன். பிள்ளை பிடிகாரர் ஏற்றிப் போனார்கள். சைக்கிளை மட்டும் யாரோ கொண்டுவந்து படலையில் சாத்திவிட்டுப் போனார்கள். இந்தியப் படை போன பிறகு அவன் திரும்பி வரவில்லை.

அதன் பின்னர் புலிகளின் காலம். மாற்று இயக்கத்தில் இருந்த மகன்களின் பெயரைச் சொல்வதே ஆபத்து. 'துரோகி வீடு' என்ற பெயர் மகளின் கலியாணத்துக்கும் தடையாகும். எனவே ஆச்சி இரண்டு பிள்ளைகளையும் வாய்க்குள் போட்டு மூடிக்கொண்டார். இடப்பெயர்வின்போது படங்கள் தொலைந்தன. மகளுக்கும் சொல்லக் கூடாது என்று கட்டளை. பேத்திக்கு மாமன்மார் இல்லை என்றாகிவிட்டது.

இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான்கு வருடங்களுக்கு முன்னர் இந்தக் கிராமத்தின் குடும்ப விபரப் படிவங்களை நிரப்பியவள் நானே. ஆச்சியின் படிவத்தில் "ஆண் பிள்ளைகள்: இல்லை", "யுத்தத்தில் இழந்த உறவுகள்: இல்லை" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. "எனக்கு ஒரு பெட்டைதான் பிள்ளை" என்று அவர் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். சமூகவியலில் பட்டம் பெற்று, நேர்காணல் செய்வது எப்படியென்று படித்தவள் நான். 2009இல் முடிந்த கடைசிப் போரின் இழப்பையே எதிர்பார்த்துப் போன என் காதில், அதற்கு முன்னர் இருந்த மௌனம் விழவில்லை. 'இல்லை' என்பதற்கும் 'இருந்தார்கள், இப்போது இல்லை' என்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை அன்று அறிந்தேன்.

அன்றிரவு என் அறையில் இருந்து மிச்சப் படத்தைத் தனியே பார்த்தேன். மோசமான படம் என்று சொல்ல மாட்டேன். பெரிய நாடொன்று அயல்நாட்டுப் போருக்குள் கையை விட்டதையும், கை சுட்டதையும் ஹிந்திப் படமொன்றில் காட்ட ஒரு துணிவு வேண்டும். ஆனால் படம் 'இரகசியம்' என்று நினைப்பது எது? எந்த அதிகாரி விலைபோனான், எந்த உணவகத்தில் சதி நடந்தது, எந்தத் தகவல் பிந்தி வந்தது என்பதுதான். அந்த இரகசியங்கள் தலைநகரங்களில் இருக்கிறவர்களுக்கு இரகசியங்கள். எங்கள் கரையோரத்துத் தாய்மாருக்கு அவற்றில் முக்கால்வாசி அன்றே தெரியும். தோணி எப்போது போகிறது, யார் வீட்டில் சோற்றுப் பார்சல் கட்டுகிறார்கள், எந்தப் பையன் புதுத் துவக்கோடு வந்திருக்கிறான் என்று கிணற்றடியில் கதைத்தவர்கள் அவர்கள்.

படத்துக்குத் தெரியாத இரகசியம் வேறு. அந்தத் துவக்குகள் வந்த பின்னர், போன பின்னர், வீடுகளுக்குள் நடந்ததே அது. படத்தில் பெண்கள் இல்லாமல் இல்லை. கொல்லப்படும் மனைவி இருக்கிறாள். இலண்டனில் இருந்து வரும் செய்தியாளர் ஜெயா இருக்கிறாள். குண்டு கட்டிய பெண் இருக்கிறாள். ஆனால், குசினிக்குப் போய்க் கோப்பை கழுவுகிற பெண்ணும், செத்த வீடு செய்ய முடியாத தாயும் கதைக்குள் வரவில்லை. அதிகாரியின் மனப்பாரத்தைக் கேட்கப் பாதிரியார் இருக்கிறார். அவர் கேட்கிறார், நாங்களும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்து கேட்கிறோம். ஆச்சியின் பாரத்தைக் கேட்க முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக ஒருவரும் இருக்கவில்லை.

அரசுகள் மட்டும் மறைக்கவில்லை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைக் கொன்றதை நாங்களும் மறைத்தோம். பயத்தினால் மறைத்தோம், பிறகு பழக்கத்தினால் மறைத்தோம். எல்லாத் தரப்பையும் எழுதத் துணிந்த பெண் ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ராஜினி திராணகம. 'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வருள் ஒருவரான அவர், இந்தியப் படையினரால் பாதிக்கப்பட்ட பெண்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தார். இயக்கங்களின் தவறுகளையும் எழுதினார். 1989 செப்டெம்பர் 21இல் சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகளே கொன்றார்கள் என்பது அவரோடு சேர்ந்து பணிபுரிந்தவர்களின் கூற்று. பெண் ஒருத்தி உண்மையை எழுதினால் என்ன விலை என்பதை அறிந்த ஊரில், ஆச்சி வாய் மூடியிருந்ததை யார் குறை சொல்வது?

மற்றப் பக்கத்துப் பெண்களையும் நினைத்துக்கொண்டேன். இலங்கையில் ஏறத்தாழ 1,200 இந்தியச் சிப்பாய்கள் இறந்தார்கள். பத்தரமுல்லையில் அவர்களின் பெயர்களைப் பொறித்த நினைவிடம் இருக்கிறது. ஏன் போகிறான், யாரோடு சண்டை என்று விளங்காமலே மகனை அனுப்பிய தாய், அங்கே எங்கேயோ ஒரு கிராமத்தில் ஆச்சியைப் போல வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கக் கூடும். அவளுடைய மகனின் பெயராவது கல்லில் இருக்கிறது. ஆச்சியின் இரண்டு பெயர்களும் எங்கேயும் இல்லை.

அடுத்த மாதம் கூட்டத்துக்குப் போனபோது முதலில் அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீர் என்ன செய்வீர், உமக்குத் தெரியாதுதானே" என்றார். தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் குற்றவுணர்வு. இப்படியான படங்களை வீட்டில் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். யாரோடு பார்க்கிறோம் என்று முதலில் பாருங்கள். என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். எழுந்து போகிறவரைத் திரும்ப இழுத்து இருத்தாதீர்கள். அவர் கதைக்க விரும்பினால் படத்தை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். கதைக்க விரும்பாவிட்டால் பக்கத்தில் இருந்தாலே போதும்.

ஆச்சி கூட்டம் முடியும்வரை காத்திருந்து, "அந்தப் படம் எப்பிடி முடிஞ்சது?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "குண்டு கட்டின பெட்டைக்குத் தாய் இல்லையே?" என்று கேட்டார்.

"படத்திலை வரேல்லை ஆச்சி."

"அவளும் எங்கையோ ஒருத்தி பெத்த பிள்ளைதானே. அங்கை செத்த சனமும் அப்பிடித்தானே" என்றார்.

பேத்தி உள்ளே போய் ஒரு கொப்பி எடுத்து வந்து காட்டினாள். நாற்பது பக்கக் கொப்பி. முதற் பக்கத்தில் இரண்டு மாமன்மாரின் முழுப்பெயரும் பிறந்த திகதியும் எழுதியிருந்தாள். அடுத்த பக்கங்களில் அம்மம்மா சொல்லச் சொல்ல எழுதியவை. பெரிய மாமனுக்குப் புட்டும் மாம்பழமும் பிடிக்கும் என்பதும் அதில் இருந்தது. சின்ன மாமனின் சைக்கிளின் நிறம் என்னவென்று ஆச்சிக்கு ஞாபகம் வரவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள்.

என் படிவத்தையும் திருத்திவிட்டேன். பழைய 'இல்லை' இரண்டையும் ஒரு கோட்டால் வெட்டி, மேலே "இருவர்" என்று எழுதினேன்.

அன்புச் சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெயர் மூடிக் கிடக்கலாம். அதை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சொல்வதும் சொல்லாததும் உங்கள் உரிமை. ஆனால் நம்பிக்கையான ஒரு பிள்ளையிடமாவது, ஒரு கொப்பியிலாவது அந்தப் பெயரை விட்டுச் செல்லுங்கள். நாடுகள் தங்கள் இரகசியங்களைப் படமாக எடுக்கின்றன. எங்கள் பிள்ளைகளின் பெயரை நாங்கள்தான் எழுத வேண்டும்.